வண்டியின் அடிவயிறு தட்டுகிறது: வேலூர் வேகத்தடைகள் பற்றி ஒரு கேள்வி

பாகாயம்_வாசி | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். பாகாயத்திலிருந்து காட்பாடிக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். வண்டி டிசையர் சிஎன்ஜி, வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஆரணி சாலை, அண்ணா சாலை, பாலாற்றுப் பாலம், விருதம்பட்டு, சித்தூர் பஸ் ஸ்டாண்டு என்று எல்லாரும் போகிற வழிதான். ஆனால் நெரிசலுக்குப் பயந்து பாதி தூரம் உள்தெருக்களில் புகுந்துவிடுவேன். நேற்று ஒரு வீம்புக்கு எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு 23 வேகத்தடை. போக வர 46. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,150 தடவை இந்த வண்டி ஏறி இறங்குகிறது.

போன வாரம் வீட்டில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீபுரம் கோயிலுக்குக் கிளம்பினோம். பின்னால் அம்மா, அத்தை, மனைவி. முன்னால் மாமா. எங்கள் தெருமுனைத் தடையில் முழுக்க நிறுத்தி, முதல் கியரில் ஆமை மாதிரிதான் ஏற்றினேன். முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கியதும் அடியில் 'கரக்' என்று ஒரு இழுவை. மாமா காலைத் தூக்கிக்கொண்டார். அன்றிலிருந்து மெதுவாகப் போகும்போது இடது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வேறு.

என்ன போயிருக்கும்? அதைவிட எனக்குப் புரியாதது, இவ்வளவு மெதுவாகப் போயும் ஏன் தட்டுகிறது?

ஆம்பூர்_தம் | செவ்வாய், இரவு 9:52

ஒரு நாளைக்கு 46 தடவை குதிக்கிற வண்டி ஒன்றரை வருடம் வாய் திறக்காமல் இருந்ததே பெரிது தலைவரே.

லிங்க்_ராடு | செவ்வாய், இரவு 10:25

20 வருடமாக இந்தச் சத்தத்தை வைத்துத்தான் என் பிழைப்பு. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில் 'டக் டக்' என்றால் முதலில் லிங்க் ராடைப் பாருங்கள். ஒரு சாண் அளவுக்கு ஒரு கம்பி, இரண்டு முனையிலும் பந்து மூட்டு. அதன் ரப்பர் கிழிந்து மண்ணும் தண்ணீரும் உள்ளே போனால் மூட்டு ஆட்டம் கண்டுவிடும். அது நன்றாக இருந்தால் அடுத்தது லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கையின் ரப்பர். அதுவும் சரி என்றால் ஷாக் அப்சார்பரின் தலையில் இருக்கும் மவுண்ட். ஸ்டியரிங்கை நின்ற இடத்தில் திருப்பும்போதும் சத்தம் வந்தால் அதுவாக இருக்கலாம்.

'கரக்' வேறு விஷயம். அது அடிவயிறு. இன்ஜினுக்குக் கீழே பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும், அது உரசியிருந்தால் பரவாயில்லை. இன்ஜின் ஆயில் நிற்கும் சேம்பர் பட்டிருந்தால்தான் கவலை. ராத்திரி நிறுத்தும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்குக் கீழே போட்டு வையுங்கள். காலையில் அட்டையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள். 'வீடு இதோ பக்கத்தில்தான்' என்று ஓட்டி வந்து இன்ஜினையே இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நிறையப் பேர் தடை மேல் ஏறும்வரை பிரேக்கில் கால் வைத்திருக்கிறார்கள். பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் கீழே குத்தும். ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கிவிட்டது, அந்த நிலையில் மேட்டில் மோதினால் அது எங்கே போகும்? முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, டயர் தொடும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். மூக்கு தானாக எழும்பும். இறங்கும்போதும் அப்படியே.

சத்து_ஃபேஸ்2 | புதன், காலை 6:15

எல்லாரும் காரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பையன் ஆறாம் வகுப்பு. சத்துவாச்சாரியில் நாங்கள் இருக்கும் தெரு நேராக, நீளமாக இருக்கும். சர்வீஸ் ரோட்டில் நெரிசல் என்றால் எல்லா வண்டியும் எங்கள் தெருவுக்குள்தான் வரும். இரண்டு வருடம் முன்பு பக்கத்து வீட்டுப் பாட்டியை ஒரு பைக் தட்டிவிட்டுப் போனது, இன்றும் அவர் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். தெருவில் எல்லாரும் சேர்ந்து அலைந்துதான் ஒரு வேகத்தடை போட வைத்தோம். உங்களுக்குக் கம்பி போனால் மாற்றிக்கொள்ளலாம்.

பாகாயம்_வாசி | புதன், காலை 8:02

அக்கா, எடுக்கச் சொல்லவே இல்லை. மெதுவாகப் போனவனுக்கு ஏன் அடி என்றுதான் கேட்கிறேன். அதே தடையில் எனக்குப் பின்னால் வந்த புல்லட் பையன் வேகம் குறைக்காமல் தாண்டிப் போனான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோட்டை_அகழி | புதன், காலை 8:30

ரகசியமே அதுதான். 40இல் போங்கள், ஒன்றும் தெரியாது. 15இல் போனால்தான் இடுப்பு ஒடியும். நான் ஒடுகத்தூர் ரோட்டில் அப்படித்தான் போகிறேன்.

அளவுநாடா | புதன், மதியம் 1:10

சிவில் இன்ஜினியர், ஓய்வு பெற்றவன். கோட்டை_அகழி சொல்வதைக் கேட்டுச் சிரித்தேன், ஆனால் அதில் பாதி உண்மை.

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் வேகத்தடை என்று ஒரே பெயர். உண்மையில் இரண்டு சாதி. ஒன்று குறுகலான கட்டை. வண்டி போகும் திசையில் ஒரு முழமோ இரண்டு முழமோதான் அகலம். இன்னொன்று நீளமான வளைந்த மேடு. 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். குறுகலான கட்டையில் வேகம் கூடக் கூட, ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே இருப்பவருக்குக் குலுங்கல் குறைகிறது. நீளமான மேட்டில் வேகம் கூடினால் குலுங்கலும் கூடுகிறது. அதாவது கட்டை மெதுவாகப் போகிறவனைத் தண்டிக்கும், வேகமாகப் போகிறவனை விட்டுவிடும். மேடு வேகமாகப் போகிறவனை மட்டும் பிடிக்கும். அவர் கண்டுபிடித்த அளவு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம்.

நம் நாட்டில் சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐஆர்சி) 1988இல் போட்ட ஐஆர்சி 99 வழிகாட்டியிலும் அதே அளவுதான். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு சுமார் 25 கிலோமீட்டரில் நிம்மதியாகத் தாண்டலாம். கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்றது அது.

இப்போது டிசையருக்கு வருவோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையில் 2.45 மீட்டர். மேடு 3.7 மீட்டர். வண்டி உச்சியில் இருக்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேதான் நிற்கும். சக்கரங்களுக்கு நடுவில் மேடு எவ்வளவு துருத்தும் என்று கணக்குப் போட்டால் நாலரை சென்டிமீட்டர்கூட வராது. 10 சென்டிமீட்டர் மேடு என்றாலும் உங்கள் அடிவயிற்றிடம் கேட்பது நாலரைதான். குறுகலான கட்டை அப்படி இல்லை. முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், கட்டை முழு உயரத்தோடு நடுவில் நிற்கும். அது 13 என்றால் 13ஐயும் கேட்கும்.

தெருமுனையில் இருப்பதை ஒரு தடவை டேப் வைத்து அளந்து போடுங்களேன்.

லிங்க்_ராடு | புதன், மதியம் 1:45

கோட்டை_அகழி தம்பி, 40இல் போனால் உங்கள் இடுப்புக்குத் தெரியாது, புஷ்ஷுக்குத் தெரியும். அந்த அடி எங்கேயும் காணாமல் போகவில்லை. டயரும் ரிம்மும் ஷாக்கும் வாங்கிக்கொண்டன, அவ்வளவுதான். ஷாக்கில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். உங்கள் வண்டியை நான் ஒருநாள் பார்ப்பேன்.

கோட்டை_அகழி | புதன், மதியம் 1:51

சாபம் கொடுக்காதீங்கண்ணே.

மஞ்சள்_ஆட்டோ | புதன், இரவு 11:20

இப்போதுதான் வண்டியை நிறுத்தினேன். சிஎம்சி ஆஸ்பத்திரி வாசலில் 11 வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்கு வருகிற சவாரி பாதி வெளிமாநிலத்துக்காரர்கள். ஆஸ்பத்திரிக்கும் லாட்ஜுக்கும் நடுவில்தான் ஓட்டம். தையல் பிரிக்காதவர்கள், முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், கையில் டியூபோடு குழந்தைகள். மேடு வரும்போது அவர்கள் கம்பியைப் பிடிக்கிற பிடியிலேயே எங்கே வலி என்று தெரியும். பாஷை தெரியாது, 'ஆஸ்தே, ஆஸ்தே' என்பார்கள், மெதுவாக என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை எனக்கு இப்போது நன்றாக வரும்.

காருக்கு இரண்டு சக்கரம் சேர்ந்து ஏறும். ஆட்டோவுக்கு முதலில் நடுச் சக்கரம், அப்புறம் பின்னால் இரண்டும். காரைப் போலவே ஒரு கட்டைக்கு இரண்டு உலுக்கல்தான். ஆனால் சீட்டு பின் அச்சுக்கு மேலேயே இருக்கிறது. ஓரமாக இடம் விட்டிருந்தால் முன் சக்கரத்தை அதில் விட்டுப் பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஏற்றுவேன். போன மாதம் ஒரு பெரியவர் இறங்கிப் போய், மேட்டை நடந்து தாண்டி, அந்தப் பக்கம் வந்து ஏறிக்கொண்டார். நான் வாடகையில் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

சார் சொன்ன நீளமான மேடு எங்கே இருக்கிறது என்று சொன்னால் அந்த வழியாகவே போவேன்.

இலவம்பாடி_கத்தரி | வியாழன், காலை 7:05

கார்க்காரர்களுக்குக் கம்பி போகிறது, எனக்குப் பல் போனது. புதிதாகத் தார் போட்ட கிராமத்துச் சாலை. பகலில் போகும்போது இல்லை, இரவு திரும்பும்போது இருக்கிறது. பட்டை அடிக்கவில்லை, பலகை இல்லை, தாரோடு தாராகக் கிடந்தது. பின்னால் மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கீரைக்கட்டு. 'பிடிச்சுக்கோ' என்று சொல்ல நேரமில்லை. நல்லவேளை, அவளுக்குச் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு முன்பல் ஒன்று. மறுநாள் போய்ப் பார்த்தால் யாரோ சுண்ணாம்பைக் கரைத்துக் கையால் நாலு கோடு இழுத்திருக்கிறார்கள். விழுந்த பிறகு வரும் கோடு.

ஆம்பூர்_தம் | வியாழன், காலை 9:15

ஹைவேயில் வேறு கதை. 2016இல் தேசிய நெடுஞ்சாலைகளில் இருக்கும் வேகத்தடைகளை எடுக்கச் சொல்லி மத்திய அமைச்சகம் உத்தரவு போட்டது. இப்போது கட்டைக்குப் பதில் வரிசையாக வெள்ளைப் பட்டை, 'டர்ர்ர்' என்று அதிரும். அதைத் தவிர்க்க ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கி ஓட்டுகிறவர்கள்தான் எனக்குப் பயம். ஓரத்தில் நடப்பவன் எங்கே போவான்?

தார்ச்சட்டி | வியாழன், இரவு 8:40

பெயர் சொல்ல மாட்டேன், ஊர் ராணிப்பேட்டை பக்கம். ஆறேழு வருடம் ரோடு வேலையில் இருந்தேன். இன்ஜினியர் சார் சொல்கிற அளவு எல்லாம் பேப்பரில் இருக்கும். நாங்கள் போட்ட விதம் இது.

கலவை லாரியில் சூடாக வரும். தெருவைப் போட்டு முடிக்கும்போது கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆறிவிட்டால் அது கல். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார். 'தம்பி, நம்ம வீட்டு முன்னாடி ஒண்ணு போட்டு வுடுப்பா, பசங்க கண்ணு மண்ணு தெரியாம வர்றானுங்க.' டீ வாங்கித் தருவார். மிச்சக் கலவையை ரோட்டுக்குக் குறுக்கே கொட்டி, மண்வெட்டியால் இழுத்து, அதன் முதுகால் தட்டி, ரோலரை ஒரு தடவை மேலே ஏற்றி இறக்குவோம். குறுகலான மேட்டில் ரோலர் உட்காராது, வழுக்கும். அதனால் உச்சி தட்டையாகி இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிற்கும். அச்சுப் பலகை வைத்து வளைவு பார்த்துப் போட்டது என் நினைவில் ஒரே ஒரு தடவை. அன்றைக்கு மேலதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர் வீட்டுக்காரருக்கு அதே மேடு எமன். காலி லாரி ஏறி இறங்கினால் பின்கதவு அடிக்கிற சத்தம் ராத்திரி முழுக்க. அவர் வந்து எங்களைத் திட்டுவார். நாங்கள் அடுத்த தெருவில் இருப்போம்.

அளவுநாடா | வியாழன், இரவு 9:30

தார்ச்சட்டி தம்பி, நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. ஆறு மீட்டர் அகலத் தெருவுக்கு முறையான மேடு போட மூன்றரை டன் அளவுக்குக் கலவை வேண்டும். மூன்றடி அகலக் கட்டைக்கு ஒரு டன் போதும். லாரியில் மிஞ்சுவது மூன்றரை டன் இருக்காது. நம் ஊர்த் தடைகளின் வடிவத்தைத் தீர்மானிப்பது லாரியின் மிச்சம்.

தார்ச்சட்டி | வியாழன், இரவு 9:38

அதேதான் சார். மிச்சம் அதிகம் என்றால் உயரம் போடுவோம், அகலம் போட மாட்டோம்.

லிங்க்_ராடு | வியாழன், இரவு 10:05

தண்ணீர் போக ஓரத்தில் வழி விடாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போட்டுவிடுகிறார்கள், அதையும் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் மேட்டுக்கு முன்னால் தேங்கி, தார் பெயர்ந்து, ஒரு மாதத்தில் அங்கே ஒரு குழி. அப்புறம் வண்டி குழியில் இறங்கி அங்கிருந்து மேட்டில் ஏறும். எனக்கு வரும் உடைந்த புஷ்களில் நிறைய அந்தக் குழியின் உபயம். ஆணி அடித்து வைக்கும் மஞ்சள் கறுப்பு ரப்பர் கட்டை இன்னும் மோசம். கட்டை பிய்ந்து போய்விடும், போல்ட் மட்டும் ரோட்டில் நிற்கும்.

பாகாயம்_வாசி | ஞாயிறு, மாலை 5:20

மன்னிக்கவும், சர்வீஸ் முடிந்து இன்றுதான் நேரம் கிடைத்தது. முதலில் வண்டி. லிங்க் ராடு இரண்டும் போயிருந்தது, இடது ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து 4,300. அடியில் பிளாஸ்டிக் தட்டில் ஒரு முழம் நீளத்துக்குக் கோடு, இரண்டு கிளிப் காணோம். அட்டையில் சொட்டு எதுவும் இல்லை, அண்ணனுக்கு நன்றி.

இப்போது அளவு. காலை ஆறரைக்கு டேப்போடு போனேன், உதவிக்கு மாமா. மேட்டின் உச்சியில் ஒரு நேரான மரச்சட்டத்தை வைத்து அதிலிருந்து ரோடு வரை பிடித்தோம். உயரம் 13 சென்டிமீட்டர். அகலம் 90. ஒரு நாய் மட்டும் எங்களைச் சந்தேகப்பட்டது.

அப்புறம் வீட்டு வாசலில் இரண்டாம் அளவு. காலி வண்டியில், ஓட்டுநர் கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்திலிருந்து தரை வரை அளந்து குறித்துக்கொண்டேன். அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே எல்லாரையும் உட்காரச் சொன்னேன். அம்மா பூஜையிலிருந்து எழுந்து வந்து, 'எங்கேயும் போகாத வண்டியில் எதுக்குடா உட்காரணும்' என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். என் இடத்தில் பக்கத்து வீட்டுப் பையன். தரையில் படுத்து அளந்தேன். 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், அதாவது 16.3 சென்டிமீட்டர். நான்கு போனால் 12.3. மேடு 13.

ஏழு மில்லிமீட்டர். அந்தச் சத்தம் ஏழு மில்லிமீட்டர். முறையான அளவைவிட இது 3 சென்டிமீட்டர்தான் உயரம் அதிகம், ஆனால் அகலத்தில் கால் பாகம்கூட இல்லை. இனி வீட்டார் எல்லாரும் வந்தால் அந்த மேட்டை மட்டும் கொஞ்சம் குறுக்காக ஏற்றலாமா?

லிங்க்_ராடு | ஞாயிறு, மாலை 6:00

ஏற்றலாம். ஒவ்வொரு சக்கரமாக ஏறினால் நடுவயிறு கொஞ்சம் தூக்கி நிற்கும். ஆனால் அதையே எல்லா மேட்டிலும் பழக்கமாக்காதீர்கள், பாடி முறுக்கிக்கொள்ளும். பின்னாலும் பக்கத்திலும் வண்டி பார்த்துக்கொள்ளுங்கள், பைக்காரன் அந்தச் சந்தில்தான் நுழைவான். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டரோடு அரிசி மூட்டையும் சேர்த்து ஏற்றாதீர்கள்.

கோட்டை_அகழி | ஞாயிறு, மாலை 6:12

குனிந்து பார்த்தேன் அண்ணே. வலது பின் ஷாக் ஈரமாக இருக்கிறது. திங்கட்கிழமை வரலாமா?

பாகாயம்_வாசி | ஞாயிறு, மாலை 6:40

மேட்டைச் சரி செய்ய யாரிடம் சொல்வது? போன வருடம் ஓர் அலுவலகத்தில் கேட்டேன், 'இந்த ரோடு எங்களுடையது இல்லை' என்றார்கள். அவர்கள் சொன்ன அடுத்த அலுவலகத்திலும் அதே பதில்.

அளவுநாடா | ஞாயிறு, இரவு 8:15

சாலை யாருடையது என்பதுதான் முதல் வேலை. மாநகராட்சித் தெருவா, மாநில நெடுஞ்சாலையா, தேசிய நெடுஞ்சாலையா, ஊராட்சியா என்று நான்கு கை இருக்கிறது. தெரியவில்லை என்றால் அலைய வேண்டாம். திங்கட்கிழமை சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளில் கொடுங்கள், உரிய துறைக்கு அவர்களே அனுப்புவார்கள்.

மனுவில் 'வேகத்தடை தொல்லை' என்று எழுதாதீர்கள். எழுதினால் ஒருநாள் வந்து சுரண்டிவிட்டுப் போவார்கள், பாட்டிகள் மறுபடி அடிபடுவார்கள். உயரம் 13, அகலம் 90, பட்டை இல்லை, பலகை இல்லை, இதை ஐஆர்சி 99 அளவுக்கு மாற்றித் தரவும் என்று எழுதுங்கள். டேப் தெரிகிற மாதிரி படம் வையுங்கள். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சாலை வடிவமைப்புத் தரத்தைப் பின்பற்றாமல் அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் வரை அபராதம். மிரட்ட வேண்டாம், கடைசி வரியில் பிரிவு எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள். படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

சத்து_ஃபேஸ்2 | ஞாயிறு, இரவு 9:05

சார் சொன்னதைப் படித்துவிட்டு மாலையில் எங்கள் மேட்டின் பக்கத்தில் கால் மணி நேரம் நின்றேன். கார்கள் எல்லாம் நின்று நின்று ஏறுகின்றன. பைக்குகள் அப்படியே பறக்கின்றன. பாட்டியைத் தட்டியதும் பைக்தான். அலைந்து திரிந்து நாங்கள் வாங்கியது கட்டை என்று நினைக்கிறேன்.

வீட்டில் தையல் டேப்தான் இருக்கிறது, ஒன்றரை மீட்டர். அது போதுமா, இல்லை பெரியது வாங்க வேண்டுமா?

அளவுநாடா | ஞாயிறு, இரவு 9:11

உங்கள் மேட்டுக்கு அது போதும் என்றுதான் பயப்படுகிறேன் அம்மா.